தாதியர் ஆய்வுப் பயிற்சிக்கு மானியம்: கொடையன்று, கடமை

மருத்துவத்தைப் பற்றிப் பேச வந்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளியின் அருகிருந்து ஆவன செய்பவரையும் நான்காவது உறுப்பாகச் சேர்த்த பின்னரே மருத்துவம் என்னும் சொல்லுக்கு வரையறை கண்டார். ஆனால் பிற்கால உலகமோ முதல் மூன்றுக்கும் ஆய்வுக்கூடங்களைக் கட்டியது. நான்காமவருக்கு வெள்ளுடையும் புன்னகையும் பொறுமையும் போதும் என்று தீர்ப்பெழுதிவிட்டது. மருத்துவர் ஆராயலாம், மருந்து செய்பவர் ஆராயலாம், தாதி மட்டும் சொன்னதைச் செய்தால் போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு தவறானது. தவறானது மட்டுமின்றி, உயிருக்கு ஊறு விளைவிப்பதுமாகும். இதனை மெய்ப்பிக்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தாதியரை ஆய்வாளராக உருவாக்குவதற்கு அரசு வழங்கிவரும் பயிற்சி மானியத்தின் வரலாறு ஒன்றே போதுமானது. அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு. வெட்கப்பட வேண்டிய சிறுமையும் உண்டு. இரண்டையும் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

மானியத்தின் இயல்பு

அமெரிக்காவில் ஆய்வுப் பயிற்சிக்கான அரசு உதவி இருவகையாக வழங்கப்படுகிறது. ஒன்று, தனி மாணவர் விண்ணப்பித்துத் தம் பெயரில் பெறும் உதவி. மற்றொன்று, பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனம் விண்ணப்பித்துப் பெறும் மானியம். இரண்டாவது வகையே ஈண்டு முதன்மையானது. 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஆய்வுப்பணி விருதுச் சட்டம் இம்மானியத்திற்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தது.

இம்முறையில் ஒரு தாதிமைக் கல்லூரி, தன்னிடம் தகுதி வாய்ந்த வழிகாட்டிகள் உள்ளனர், ஆய்வுச் சூழல் உள்ளது, தெளிவான பயிற்சித் திட்டம் உள்ளது என்று நிறுவ வேண்டும். நிபுணர் குழு அதனை மதிப்பிடும். தேறினால் ஐந்தாண்டு வரைக்கும் மானியம் கிடைக்கும். பயிற்சி பெறுவோரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு கல்லூரியுடையது. அவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும், கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியும், பயணச் செலவும் வழங்கப்படும். முனைவர் பட்டத்திற்கு முன் ஐந்தாண்டு, பட்டத்திற்குப் பின் மூன்றாண்டு என்பது ஒருவர் பெறக்கூடிய பயிற்சியின் மேல்வரம்பு. நிறுவனம் தன் மறைமுக நிருவாகச் செலவுக்கென 8 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள இயலாது. ஆய்வு நேர்மை பற்றிய பாடம் கட்டாயம்.

பட்டத்திற்குப் பிந்திய பயிற்சி பெறுவோர், முதல் 12 மாதங்களில் பெற்ற உதவிக்கு ஈடாக, மாதத்திற்கு மாதம் என்னும் கணக்கில் ஆய்வுப் பணியோ கற்பித்தற் பணியோ ஆற்றக் கடமைப்பட்டவராவர். எனவே, இஃது அள்ளி வீசப்படும் பணமென்று எவரும் கூறுதற்கில்லை. கண்காணிப்பும் கட்டுப்பாடும் கைம்மாறும் இதன் உள்ளேயே உள்ளன.

தனி மாணவருக்கு உதவினால் ஓர் ஆய்வாளர் உருவாகலாம். நிறுவனத்திற்கு உதவினால் ஆய்வாளரை உருவாக்கும் பட்டறையே உருவாகிறது. மூத்தவரும் இளையவரும் ஒரே கூரையின் கீழ் ஆண்டாண்டாக உழைக்கும்போது ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்கிறார். குருகுல முறையின் பயனை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கேட்டுப் பெற்ற உரிமை

இம்மானியம் தானாக வந்து வாய்க்கவில்லை. தாதியரே வாதாடிப் பெற்றனர். 1952-ஆம் ஆண்டில் தாதிமை ஆய்வுக்கெனத் தனி ஏடு ஒன்று அமெரிக்காவில் தோன்றியது. 1955-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவை, தாதிமை ஆய்வுக்கு மானியமும் உதவித்தொகையும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஆராய்ச்சி செய்யத் தெரிந்த தாதியர் எங்கே? தாதிமையில் முனைவர் பட்டப் படிப்பு அன்று மிக அரிது. கல்வியியலிலோ சமூகவியலிலோ பட்டம் பெற்றுத்தான் தாதியர் ஆய்வுக்குள் நுழைய வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க 1962-ஆம் ஆண்டில் தாதியர் அறிவியலாளர் பயிற்சித் திட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களின் உயிரியல், சமூகவியல் முதலிய துறைகளில் தாதியர் சேர்ந்து முனைவர் பட்டம் பெற அத்திட்டம் நிறுவனங்களுக்கு மானியம் வழங்கியது.

அடுத்து எழுந்த கேள்வி, இவ்வாய்வுக்கு நிலையான இல்லம் எது என்பதாகும். நாட்டின் மருத்துவ ஆய்வு முழுவதையும் தாங்கி நிற்பது தேசியச் சுகாதாரக் கழகம். அதன் வாயிற்படிக்கு வெளியே தாதிமை நின்றது. 1983-ஆம் ஆண்டில் மருத்துவக் கழகத்தின் குழு ஒன்று, தாதிமை ஆய்வை அறிவியலின் நடுவோட்டத்தில் சேர்க்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. காங்கிரசு அதற்கான சட்டத்தை இயற்றியது. அதிபர் ரோனல்ட் ரேகன் அச்சட்டத்தை மறுத்துத் திருப்பினார். 1985 நவம்பரில் காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அம்மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிலைநாட்டின. 1986-ஆம் ஆண்டில் தேசியத் தாதிமை ஆய்வு மையம் பிறந்தது. அதன் முதல் ஆண்டு ஒதுக்கீடு ஏறத்தாழ 16 மில்லியன் டாலர். 1993-ஆம் ஆண்டில் அது தேசியத் தாதிமை ஆய்வு நிறுவனமாக உயர்த்தப்பட்டது. பயிற்சி மானியங்களை வழங்கும் பொறுப்பும் அதனிடம் இருந்தது.

ஓர் அதிபரின் மறுப்பையும் வென்று எழுந்த நிறுவனம் இது. அதனை வேண்டாத ஆடம்பரம் என்போர் இவ்வரலாற்றைப் படிக்காதவர் அல்லது படித்தும் மறைப்பவர்.

“தாதிக்கு ஆய்வு எதற்கு?”

எதிர்ப்பாளர் கூறும் முதல் வாதம், தாதிமை இதயத்தின் தொழில், ஏட்டின் தொழிலன்று என்பதாகும். இதனைச் சொல்வோர் பெரும்பாலும் புளோரன்ஸ் நைட்டிங்கேலைத் துணைக்கு அழைப்பர். கையில் விளக்கேந்திய அம்மையாரின் படம் பள்ளிப் புத்தகங்களிலெல்லாம் உண்டு. ஆனால் அவர் கையில் எழுதுகோலும் இருந்ததைப் பலரும் மறந்தனர். கிரிமியப் போரில் காயத்தால் மடிந்த வீரரைக் காட்டிலும் தடுக்கக்கூடிய நோயால் மடிந்தோரே மிகுதி என்பதைப் புள்ளி விவரங்களால் மெய்ப்பித்தவர் அவர். வட்டத்தை ஆரங்களாகப் பிரித்து மாதந்தோறும் நேர்ந்த இறப்பைக் காட்டும் வரைபடத்தை 1858-ஆம் ஆண்டில் வெளியிட்டு ஆட்சியாளரைச் சிந்திக்க வைத்தார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதற்பெண் உறுப்பினராக ஏற்றது. தாதிமைத் தொழிலின் முன்னோடியே ஓர் ஆய்வாளர். விளக்கை மட்டும் போற்றிக் கணக்கை மறைப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

இரண்டாவது வாதம், மருத்துவர் செய்யும் ஆய்வே போதும் என்பது. மருத்துவர் நோயை ஆராய்கிறார். நோயாளியோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பவர் தாதி. படுக்கைப் புண் ஏன் வருகிறது? வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையின் வலியை எவ்வாறு அளப்பது? வீடு திரும்பிய முதியவர் ஏன் மீண்டும் மருத்துவமனைக்கே வருகிறார்? ஒரு தாதியிடம் எத்தனை நோயாளிகளை ஒப்படைக்கலாம்? இவை தாதியின் அனுபவத்தில் முளைக்கும் வினாக்கள். முளைத்த வினாவை ஆய்வாக வளர்க்கும் பயிற்சி அவருக்கு இல்லையாயின், அவ்வினா வார்டிலேயே வாடிப்போகும்.

பயிற்சி இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா எய்க்கன் ஒரு தாதி. சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரும் அவர்தம் குழுவினரும் பென்சில்வேனிய மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில், 10,184 தாதியரிடமிருந்து பெற்ற தகவல்களையும் 232,342 அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளையும் இணைத்து ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். தாதியின் மனச்சோர்வு 23 விழுக்காடு மிகுவதையும் கண்டனர். 2014-ஆம் ஆண்டில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்விலும் அதே 7 விழுக்காடு தலைகாட்டியது. அங்கே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு உயர்ந்த இடத்தில் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. தாதியின் கல்வி நோயாளியின் ஆயுளோடு தொடர்புடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி நெய்லரும் ஒரு தாதியே. முதிய நோயாளிகள் வீடு திரும்பும்போது பயிற்சி பெற்ற தாதி ஒருவர் திட்டமிட்டு உடன் தொடர்ந்தால் விளைவு என்ன என்பதை அவர் குழுவினர் 363 நோயாளிகளிடம் ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 24 வாரங்களில், வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 37 விழுக்காட்டினர் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தனர். தாதி தொடர்ந்து கவனித்தோரில் அது 20 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்த அனுமதிகளால் மிச்சமான பணம், ஆய்வுக்குச் செலவிட்ட பணத்தைப் பொருளற்றது என்று எள்ளி நகையாடுவோருக்குத் தக்க விடையாகும்.

எய்க்கன் 1989-ஆம் ஆண்டில் நிறுவிய ஆய்வு மையம், தேசியத் தாதிமை ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி மானியத்தைப் பெற்று இளம் ஆய்வாளரை வளர்த்த இடமாகும். மானியம் எங்கே போகிறது என்று கேட்போர் அங்கே சென்று பார்க்கட்டும்.

“படுக்கையருகே ஆள் இல்லையே!”

மூன்றாவது வாதம் சற்றே நியாயமானது போல் தோன்றும். தாதியர் பற்றாக்குறை நிலவும் காலத்தில், இருக்கும் தாதியரையும் நூலகத்திற்கு இழுத்துச் செல்வதா என்பர். பஞ்ச காலத்தில் விதை நெல்லைச் சமைத்து உண்ணச் சொல்லும் அறிவுரை இது.

தாதிமைக் கல்லூரியில் கற்பிப்பவர் யார்? தகுதி வாய்ந்த ஆசிரியர் போதாமையும் பயிற்சியிடம் போதாமையும் சேர்ந்து, அமெரிக்கத் தாதிமைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் பல்லாயிரம் தகுதியான விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின. முனைவர் பட்டம் பெற்ற தாதியரே நாளைய விரிவுரையாளர். அவர் உருவாகாவிட்டால், வருங்காலத்தில் படுக்கையருகே நிற்கவேண்டிய பல நூறு தாதியர் உருவாக மாட்டார். மேலும், தாதியர் தொழிலை விட்டு ஏன் ஓடுகின்றனர் என்பதைக் கண்டறிந்ததும் தாதிமை ஆய்வே. பணிச்சுமை மிகுந்தால் மனம் சோரும், மனம் சோர்ந்தால் ஆள் நிலைக்காது என்னும் உண்மையை எண்களால் நிறுவிய பின்னரே அதிகாரிகள் செவி சாய்த்தனர். கலிபோர்னியா மாநிலம், தாதிக்கு இத்தனை நோயாளிகளே என்னும் வரம்பை 1999-ஆம் ஆண்டில் சட்டமாக்கி 2004-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய சட்டங்களால் விளையும் நன்மை தீமைகளை அளந்து சொல்வதற்கும் பயிற்சி பெற்ற ஆய்வாளரே தேவை.

மூன்றில் ஒரு பங்கு

எதிர்ப்பாளரை மறுப்பதோடு இக்கட்டுரையின் பணி முடிந்துவிடாது. மானியம் தரும் அரசையும் கேட்க வேண்டியன உள.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பதிவுபெற்ற தாதியரின் நடுநிலை ஆண்டு ஊதியம் 86,070 டாலர். 2024-ஆம் நிதியாண்டில் முனைவர் பட்டப் பயிற்சி பெறுவோருக்கு அரசு வரையறுத்த உதவித்தொகை 28,224 டாலர். அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு! ஏனைய அறிவியல் துறைகளில் இளங்கலை முடித்த இருபத்திரண்டு வயது மாணவர் இத்தொகையைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். தாதியோ பெரும்பாலும் பல்லாண்டு பணியாற்றிய பின்னரே ஆய்வுக்கு வருகிறார். அவருக்குக் குடும்பம் உண்டு; வீட்டுக் கடன் உண்டு; பிள்ளைகளின் படிப்பு உண்டு. பயிற்சியோ முழுநேரப் பயிற்சி. வரும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் துறந்து வா என்று அழைத்துவிட்டு, வருவோர் குறைவு என்று வருந்துவது எவ்வகை நியாயம்?

விளைவு கண்கூடு. 2010-ஆம் ஆண்டில் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, தாதியருள் முனைவர் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று சுட்டி, 2020-க்குள் அத்தொகையை இருமடங்காக்கப் பரிந்துரைத்தது. எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆனால் உயர்ந்தது பெரும்பாலும் தொழில்முறை முனைவர் பட்டமே. அது மேல்நிலைச் சிகிச்சைப் பணிக்கும் தலைமைப் பணிக்கும் உரிய பட்டம். அதன் மதிப்பை எவரும் மறுக்கவில்லை. புத்தறிவைத் தேடும் ஆய்வு முனைவர் பட்டத்தில் சேர்வோர் தொகை 2013-ஆம் ஆண்டுக்குப் பின் சரியத் தொடங்கியது. இருவகைப் பட்டத்தையும் ஒரே கூடையில் கொட்டி எண்ணி, இலக்கை எட்டினோம் என்று மார்தட்டுவது கணக்கன்று, கண்கட்டு.

மற்றொரு குறையும் உண்டு. நிறுவன மானியத்தைப் பெற, ஏற்கெனவே ஆய்வு வளம் இருக்க வேண்டும். ஆய்வு வளம் பெறவோ மானியம் வேண்டும். இச்சுழலில், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் மேலும் வளர்கின்றன. சிற்றூர்களுக்கும் வறியோருக்கும் பணியாற்றும் கல்லூரிகள் வாயிலிலேயே நிற்கின்றன. வளமான நிலையம் ஒன்று வளம் குன்றிய நிலையம் ஒன்றைக் கைகோத்து விண்ணப்பித்தால் முன்னுரிமை என்று விதி செய்யலாமே! தரத்தை விட்டுக்கொடாமலே நீதியை நிலைநாட்ட வழிகள் உண்டு.

ஒரு விழுக்காட்டில் பாதியும் மிச்சமா?

இக்குறைகளைக் களையவேண்டிய காலத்தில், வேரையே களையும் முயற்சி எழுந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு, 2026-ஆம் நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், தேசியச் சுகாதாரக் கழகத்தின் ஒதுக்கீட்டை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கவும், அதன் 27 நிறுவனங்களையும் மையங்களையும் எட்டாகச் சுருக்கவும் முன்மொழிந்தது. அறவே நீக்கப்படவேண்டியவற்றின் பட்டியலில் தேசியத் தாதிமை ஆய்வு நிறுவனமும் இடம்பெற்றது. 2025 சூலை மாதத்தில் செனட் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அதற்கு உடன்படாமல், கழகத்தின் ஒதுக்கீட்டைக் கூட்டும் மசோதாவையே நிறைவேற்றியது. எனினும், அப்படியொரு முன்மொழிவு எழுந்ததே சிந்தனைக்குரியது.

2023-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பெற்ற தொகை 200 மில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவு. கழகம் முழுமைக்கும் கிடைத்ததோ 47 பில்லியனுக்கும் மேல். நூறு டாலரில் ஐம்பது காசுகூடத் தாதிமை ஆய்வுக்குச் செல்லவில்லை. பந்தியில் கடைசி இலையில் வைத்த ஒரு கவளத்தைப் பிடுங்கி, விருந்தின் செலவைக் குறைத்துவிட்டதாகச் சொல்வோரை என்னென்பது?

தனி நிறுவனம் எதற்கு, மற்றவை அப்பணியைச் செய்யாவோ என்பது அவர்தம் கேள்வி. 1986-க்கு முந்திய காலமே அதற்கு விடை. அன்று புற்றுநோய்க்கு நிறுவனம் இருந்தது. இதயத்திற்கு நிறுவனம் இருந்தது. நோயாளியைப் பேணும் கலையை அறிவியலாக ஆராய அவற்றுள் எதுவும் தானாக முன்வரவில்லை. பலருக்கும் பொதுவான பிள்ளை பசியோடு உறங்கும் என்பது பட்டறிவு.

ஆசிரியர் அறியவேண்டியது

அமெரிக்கத் தாதியரின் வழக்கு தமிழாசிரியருக்கு எவ்வாறு உரியது என்று ஒருவர் வினவலாம். தாதிமையும் ஆசிரியமும் உடன்பிறந்த தொழில்கள். இரண்டையும் உலகம் ‘தொண்டு’ என்று வாயாரப் புகழும். புகழ்ந்த கையோடு, தொண்டுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்கும். வகுப்பறையில் இருபதாண்டு நின்றவரின் பட்டறிவு ஏட்டில் ஏறாமலே ஓய்வு பெற்றுப் போவதும், வார்டில் இருபதாண்டு நின்றவரின் பட்டறிவு அவ்வாறே மறைவதும் ஒரே நோயின் இரு குறிகள். தாதியர் அந்நோய்க்கு மருந்து கண்டனர். பொதுப்பணத்தில், நிறுவனத்தின் வழியாக, ஒழுங்குபட்ட பயிற்சியாக அதனைக் கேட்டுப் பெற்றனர்.

அறிவியல் பாடத்தில் தேர்ந்த மாணவி ஒருத்தி தாதியாக விரும்புகிறேன் என்று சொன்னால், “மருத்துவம் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறும் ஆசிரியர் பலர். மருத்துவராக இயலாதவரின் புகலிடம் தாதிமை என்னும் அவ்வெண்ணம் மாணவியின் நெஞ்சில் தாழ்வை விதைக்கிறது. அவளிடம் எய்க்கனின் 7 விழுக்காட்டைச் சொல்லுக! நெய்லரின் 363 முதியவரைச் சொல்லுக! நைட்டிங்கேலின் விளக்கோடு அவர்தம் வரைபடத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டுக! தாதி கேட்கும் கேள்விக்கு விடை காண ஓர் அரசு பணம் ஒதுக்கியது என்பதையும், அப்பணம் போதாது என்பதையும், அதனையும் பறிக்க முயன்றனர் என்பதையும் சேர்த்தே சொல்லுக!

நோயாளியின் உயிரைக் காக்கும் அறிவைத் தேடுவோருக்கு அரசு தரும் மானியம் கொடையன்று. வரி செலுத்தும் மக்களுக்கு அரசு ஆற்றவேண்டிய கடமை. கடமையைச் சுருக்குவோரிடம் பணிந்து இரக்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்டிக் கேட்க வேண்டும். கேட்கக் கற்பிக்க வேண்டும்.